பொட்டு வைத்த பெட்டிகள்

சிங்காநல்லூரில் ஆயுத பூஜை என்றால் பூஜை சாமிக்கு மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. லேத்துக்குப் பொட்டு உண்டு, டிரில்லிங் மிஷினுக்கு உண்டு, ஸ்பேனருக்கு உண்டு, பூட்டுக்கு உண்டு, அந்தப் பூட்டின் சாவிக்குத் தனியாக உண்டு. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கரண்டுக் கம்பத்தை மட்டும் விட்டுவைப்பார்கள், அதுவும் ஷாக் அடிக்குமே என்கிற பயத்தில். இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி ஒரு கிண்ணம் சந்தனத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். சாந்தாமணிக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாகவே அவள் கை செய்கிற காரியம் மனசைக் கேட்காமல்தான் நடந்துகொண்டிருந்தது.

அவளுடைய ஒரே மகன் தமிழ்ச்செல்வன் தொண்ணூற்றைந்து வைகாசியில் திருச்சி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். இருபது வயது. அன்றைக்குச் சாந்தாமணி அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை. எதிர்வீட்டுப் பங்காரம்மா வாரத்துக்கு ஒருதரம் வந்து, "அழுதுபோடு அம்மணி, இல்லீன்னா நெஞ்சடைச்சுப் போயிரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, சாந்தாமணிக்கும் சேர்த்துத் தானே அழுதுவிட்டுப் போவாள். சாந்தாமணி அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள். வீம்புக்காக அழாமல் இருக்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு. வீம்பாவது ஒன்றாவது. வந்தால் அழமாட்டாளா? வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அவளுக்கு மொத்த உடம்பும் அப்படித்தான் இருந்தது.

புருஷன் திருமலைசாமிக்கு வீட்டு முன்பக்கத்திலேயே ஒர்க் ஷாப். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். பின்கட்டில் சன்னல் ஓரமாக ஒரு மேஜை போட்டு, சாந்தாமணி மோட்டாருக்குக் காயில் சுற்றுவாள். தாமிரக் கம்பியை அச்சில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே சுற்றுகளை வாய்க்குள் எண்ண வேண்டும். நடுவில் யாராவது கேள்வி கேட்டு இவளும் பதில் சொல்லிவிட்டால் எண்ணிக்கை போச்சு, பிரித்து மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதுதான். அதனால் காயில் சுற்றும்போது சாந்தாமணி யாருக்கும் வாய் திறக்க மாட்டாள். செல்வன் போனபிறகு அந்த வேலைதான் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தால் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

திருமலைசாமியைப் பற்றி ஊர் வேறு மாதிரி பேசியது. காரியம் முடிந்த மறுவாரமே பையனுடைய சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார். சட்டை பேண்டெல்லாம் மூட்டை கட்டி ஓர் அனாதை இல்லத்துக்குப் போயிற்று. அதற்கப்புறம் மகனின் பெயரை அவர் வாயால் யாரும் கேட்கவில்லை. காலையில் லேத்தை ஓட்டுவார், சாயங்காலம் நிறுத்துவார். இரும்பு மனுஷன் என்று மரியாதையாகச் சொன்னவர்களும் உண்டு, கல் நெஞ்சுக்காரன் என்று சொன்னவர்களும் உண்டு. சாந்தாமணிக்கு இரண்டும் சரியென்றே பட்டது. வீட்டில் ஒரு லேத்து முன்னால் ஓடுகிறது, இன்னொரு லேத்து சாப்பிட உள்ளே வருகிறது, அவ்வளவுதான்.

சைக்கிளும் துணியும் போன பிறகு செல்வனுடையது என்று வீட்டில் மிஞ்சியது அவன் அலமாரியில் ஒரு ஆல்பமும் இரண்டு அட்டைப்பெட்டிகளும். கிரிக்கெட் அட்டைகள். டெல்லிக் கம்பெனி ஒன்று ராக்கெட் என்ற பெயரில் பபிள்கம் போட்டது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு கம், இரண்டு ஆட்டக்காரர் அட்டை. மொத்தம் நூறு பேர். நூறையும் சேர்க்கிறேன் என்று ஊரில் பாதிப் பையன்கள் அலைந்தார்கள். செல்வன் பாலிடெக்னிக்கில் படிக்கிற மீசை முளைத்த பையன், அவனும் அலைந்தான். ஆல்பத்தில் பிளாஸ்டிக் பைகளில் தொண்ணூற்றொன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பை மட்டும் காலி.

பெட்டிகள் கடைக்காரர்களுக்கு வருகிற முழுப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பொட்டலங்கள் நிறைய அடுக்கி, மூடியின் வாயில் கம்பெனி காகிதச் சீல் ஒட்டியிருக்கும். பெரிய கடை வீதியில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிற அப்துல் மஜீத்தின் மகன் அனீஸ் செல்வனுக்குப் பாலிடெக்னிக் சிநேகிதன். அவன் மூலமாகத்தான் அந்த இரண்டு பெட்டியும் வந்தது. வந்த நாளிலிருந்து செல்வனுக்கு ஒரே ரோதனை. பிரித்தால் இல்லாத அந்த ஒரு அட்டை கிடைக்கலாம். பிரிக்காமல் சீலோடு வைத்திருந்தால் பின்னால் அதற்குப் பெரிய மதிப்பு வரும், வெளிநாட்டில் எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தான். தினமும் சாயங்காலம் பெட்டியைக் கொண்டுவந்து அம்மாவின் மேஜையில் வைப்பான்.

"ஏம்மா, பிரிக்கட்டுமா வேண்டாமா? நீயே சொல்லு. நீ என்ன சொல்றியோ அதுதான்."

அவள் காயில் சுற்றிக்கொண்டிருப்பாள். வாய்க்குள் எண்ணிக்கை. தலையை மட்டும் ஆட்டுவாள், அது ஆமாம் என்றும் இருக்கும் இல்லை என்றும் இருக்கும். அவன் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவான். காயில் சுற்றாத நேரத்திலும் அவள் பதில் சொன்னதில்லை. பபிள்கம் பெட்டிக்கு என்ன இவ்வளவு ஆலோசனை என்று விட்டுவிட்டாள். அந்தக் கேள்வி மட்டும் அங்கேயே நின்றது. செத்தவன் கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு உயிரோடிருக்கிறவள் பதில் வைத்திருக்க வேண்டும் என்று அவள் மனசில் எங்கேயோ ஒரு மூலையில் இருந்தது. அதுவும் யாருக்கோ உரிய கவலை மாதிரித்தான் இருந்தது.

புரட்டாசி கடைசியில் அனீஸ் வந்தான். மாதம் ஒருமுறையாவது வந்துவிடுவான். வந்தால் அதிகம் பேச மாட்டான், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். அன்றைக்குப் பேச வேண்டியிருந்தது.

"பெங்களூர்ல ஒருத்தர் இருக்காருங்கம்மா. பேங்க் ஆபீசரு. இந்த மாதிரி சீல் பிரிக்காத பெட்டியாப் பாத்துச் சேக்கறாரு. ராக்கெட் கம்பெனி அட்டைய நிறுத்திப்போட்டாங்கல்ல, இப்பப் பெட்டி எங்கயும் இல்ல. அத்தா கடைல வந்து கேட்டாரு. செல்வன்கிட்ட ரெண்டு இருந்துச்சுன்னு எனக்கு வாய் தவறி வந்துருச்சு. விஜயதசமிக்கு மறுநா இந்தப் பக்கம் வாராராம். உங்களுக்கு இஷ்டம் இல்லீன்னா வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

முன்பக்கத்திலிருந்து திருமலைசாமி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அவரு அத என்ன பண்ணுவாரு கண்ணு?"

"பிரிக்க மாட்டாருங்க மாமா. கண்ணாடி பீரோவுல வெச்சுப் பூட்டிருவாரு. எத்தன வருசமானாலும் அப்பிடியே இருக்கும்."

"அப்பக் குடுத்துரலாம். இங்க இருந்தா எறும்பு தின்னுபோடும்" என்றார் திருமலைசாமி. காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பிப் போய் லேத்தைப் போட்டுவிட்டார். அதுவும் போகட்டும் என்கிறார் மனுஷன், என்று சாந்தாமணி நினைத்தாள். கோபம் வர வேண்டிய இடம். கோபமும் வரவில்லை. அனீஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி போய்விட்டால் அந்தக் கேள்வியும் அதோடு பெங்களூர் போய்விடும், பதில் சொல்லியிருக்க வேண்டியவள் இங்கே உட்கார்ந்திருப்பாள். இவ்வளவும் அவளுக்குப் புரிந்தது. புரிந்தும், "சரி கண்ணு, வரட்டும்" என்றுதான் சொன்னாள்.

போன வருஷம் வீட்டில் துக்கம், பண்டிகை இல்லை. ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிற ஆட்கள் தாங்களாகவே லேத்துக்கு ஒரு சூடம் காட்டிவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் திதி முடிந்துவிட்டது, வழக்கம்போல் பூஜை வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மிஷின்களைக் கழுவி, கலர் பேப்பர் ஒட்டி, வாழைக்கன்று கட்டியாயிற்று. பொரி, கடலை, சுண்டல். வாசலில் பூசணிக்காய் உடைத்துக் குங்குமத்தைக் கொட்டியாயிற்று. ஆம்பிளைகள் முன்பக்கம் பார்த்துக்கொண்டார்கள். உள்பக்கம் சாந்தாமணியின் பொறுப்பு.

அவள் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு தன் காயில் மேஜையில் ஆரம்பித்தாள். கைப்பிடிக்கு ஒன்று, கத்தரிக்கு ஒன்று, கம்பிச் சுருளுக்கு ஒன்று. கிரைண்டருக்கு, மிக்ஸிக்கு, அரிவாள்மனைக்கு, தையல் மிஷினுக்கு, டிவிக்கு. சந்தனத்தை வைத்து, அதன் நடுவில் குங்குமம். செல்வன் அறைக்குள் போனாள். வருஷா வருஷம் அவன் படம் வரைகிற டிராஃப்டருக்கும் புஸ்தகத்துக்கும் வைப்பாள். அவை இப்போது இல்லை. அலமாரி மட்டும் இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தாள், கையில் கிண்ணம் இருந்தது, எதிரே இரண்டு பெட்டி இருந்தது. பெட்டிக்குப் பொட்டு வைக்கிறவர்கள் வாயிலேதானே வைப்பார்கள், பீரோவானால் சாவித்துளைக்கு மேலே, பெட்டியானால் மூடி சேருகிற இடத்தில். அப்படியே வைத்தாள். நன்றாக ஈரச் சந்தனம், பெருவிரல் அகலத்துக்கு, கம்பெனிச் சீலின் நடுமத்தியில். மேலே குங்குமம். இரண்டு பெட்டிக்கும். ஆல்பத்துக்கும் ஒன்று வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. சூடம் காட்டும்போது திருமலைசாமியும்தான் அந்த அலமாரி முன் நின்று பார்த்தார். பொட்டு வைக்காமல் விட்டிருந்தால்தான் அவருக்குக் கண்ணை உறுத்தியிருக்கும்.

பெங்களூர்க்காரர் சொன்ன நாளில் வந்தார். அனீஸ் ஸ்கூட்டரில் அழைத்து வந்தான். ஐம்பது வயதிருக்கும், மெல்லிய பேச்சு, கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்த மனுஷர். பையிலிருந்து ஒரு லென்ஸும் வெள்ளைத் துணியும் எடுத்து மேஜையில் விரித்தார். கண் ஆபரேஷனுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. திருமலைசாமி இரண்டு பெட்டியையும் கொண்டுவந்து துணிமேல் வைத்தார்.

அவர் லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோகவே இல்லை.

"இது என்ன சார்?"

"பொட்டுங்க" என்றார் திருமலைசாமி. "முந்தாநேத்துப் பூஜைல்லங்க."

"பெட்டிக்கு ஏன் சார் பொட்டு வெச்சீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? காலில் ஏன் செருப்புப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்ட மாதிரி திருமலைசாமி விழித்தார். "எங்கூர்ல எல்லாத்துக்கும் வெப்பமுங்க" என்றார். பிறகு ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, "தொடச்சாப் போயிருமுங்க" என்று ஒரு பெட்டியை அழுத்தித் துடைத்தார். பெங்களூர்க்காரர் ஐயோ என்று கையை நீட்டுவதற்குள் குங்குமம் சீல் முழுக்க ஈஷி, ராக்கெட் படம் இருந்த இடம் ரோஸ் நிறமாகிவிட்டது. சந்தனம் ஏற்கெனவே காகிதத்துக்குள் ஊறி எண்ணெய்க் கறை போல விரிந்திருந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. லென்ஸைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். "சீல் சுத்தமா இருக்கணும் சார். அதுதான் இதோட உயிர். இனிமே இத யாரும் எடுத்துக்க மாட்டாங்க. நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது." அப்புறம் சாந்தாமணியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பையனைப் பற்றி அனீஸ் சொல்லியிருக்க வேண்டும். "இனிமே பிரிச்சாலும் ஒண்ணுதாம்மா, பிரிக்காட்டியும் ஒண்ணுதான். உங்க மனசு எப்படியோ அப்படிச் செய்யுங்க" என்றார்.

காபி குடித்தார். அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருவதாகத் திருமலைசாமி தன் டிவிஎஸ் ஃபிப்டியில் உட்காரவைத்துக்கொண்டு போனார். பின்கட்டில் சாந்தாமணியும் அனீஸும் இரண்டு பெட்டியும் மிஞ்சினார்கள்.

தன் கையால் கெட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காக வருத்தப்பட்டுப் பார்த்தாள், வருத்தமும் கிட்டே வரவில்லை. ஆனால் மதிப்பு என்கிற ஒன்று போய்விட்டதால், செல்வனின் கேள்வியில் பாதி தானாகவே கழன்றுவிட்டிருந்தது. இனி மிச்சம் இருப்பது அந்த ஒரு அட்டை உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். இருந்தால் அந்தக் காலிப் பையில் போட்டுவிடலாம். அவன் ஆரம்பித்ததில் ஒன்றாவது முடிந்ததாக இருக்கும். இந்த ஆசை வந்ததே அவளுக்கு ஆச்சரியம். எதையாவது வேண்டும் என்று நினைத்தே நாளாயிற்று.

"கண்ணு, அவனுக்கு இல்லாம இருந்த அட்டை எது?"

"விக்கெட் கீப்பருங்கம்மா. எழுவத்தி மூணாம் நம்பரு."

"எனக்குப் பாத்தாத் தெரியாது. நீ கூட உக்காந்து பாரு" என்று, துடைத்து வீணான பெட்டியை இழுத்து, காயில் வெட்டுகிற கத்தரியாலேயே சீலை அறுத்தாள். உள்ளிருந்து ரோஜாப்பூவும் சர்க்கரையும் கலந்த ஒரு வாசனை வந்தது. செல்வன் சட்டைப் பையில் எப்போதும் வருகிற வாசனை. அவள் ஒரு நொடி கையை நிறுத்தினாள், பிறகு பொட்டலங்களை எடுத்து வைத்தாள்.

அனீஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தான். கம் சாக்பீஸ் மாதிரி இறுகிப் போயிருந்தது, தொட்டால் உடைந்தது. அதை ஒரு தட்டில் போட்டுவிட்டு அட்டைகளைத் திருப்பிப் பார்ப்பான்.

"இது இருக்குது."

அவள் வாங்கி அடுக்குவாள்.

"இதும் இருக்குது. இது அவங்கிட்ட மூணு இருந்துச்சு, என்னோடத ஏமாத்தி வாங்கிட்டான். இது இருக்குது."

மட்டையைத் தூக்கியவர்கள், பந்தை எறிகிறவர்கள், வெறுமனே தொப்பி போட்டுச் சிரிக்கிறவர்கள். மகன் இத்தனை காலம் யாரோடு குடித்தனம் நடத்தினான் என்று அவள் அன்றைக்குத்தான் முகம் பார்த்தாள். பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. அனீஸின் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பொட்டலத்தை அவன் மெதுவாகப் பிரித்தான்.

"இருக்குது. ரெண்டும் இருக்குது." அட்டைகளைக் கீழே வைத்தான். "எழுவத்தி மூணு இல்லீங்கம்மா."

"இன்னொரு பெட்டி இருக்குதல்லோ."

அனீஸ் அதை எடுக்கவில்லை. கம்மின் பொடியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அதுலயும் இருக்காதுங்கம்மா" என்றான். "நான் இத அவனுக்குச் சொன்னதில்ல. அவன் இருந்த வரைக்கும் எனக்கே தெரியாது. கம்பெனி நிறுத்தினப்புறம் ஏஜெண்டு வந்து அத்தாகிட்டச் சிரிச்சுட்டே சொன்னாரு. எழுவத்தி மூணாம் அட்டைய அவங்க அச்சடிக்கவே இல்லியாம். ஒண்ணு கொறஞ்சுட்டே இருந்தாத்தான் பசங்க வாங்கிட்டே இருப்பாங்களாம். எங்க கடைல எத்தன பெட்டி வித்தோம், ஒருத்தருக்கும் அது வந்ததில்ல. நான்தானுங்கம்மா அவனுக்கு இத வாங்கிக் குடுத்தேன்."

சாந்தாமணிக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஏறியது. காது மடல் சுட்டது. அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றானே, பிரிக்கட்டுமா வேண்டாமா என்று. இல்லாத ஒன்றுக்கா? டெல்லியில் எவனோ உட்கார்ந்துகொண்டு, பெத்தவள் முகம் தெரியாமல், பிள்ளை முகம் தெரியாமல், இங்கே ஒரு பையனை வாசல் வாசலாக அலையவிட்டிருக்கிறான். லாரிக்காரன்மேல் வராத ஆத்திரம், சாமிமேல் வராத ஆத்திரம், அந்த முகம் தெரியாத பபிள்கம்காரன்மேல் வந்தது.

"நாசமாப் போறவனுக" என்றாள். அனீஸ் நிமிர்ந்து பார்த்தான். அவள் குரல் அப்படி இருந்து அவன் கேட்டதில்லை. "எம்பையன ஏமாத்திப்போட்டானுகளே கண்ணு. வெவரம் தெரியாத பசங்கள. இதுவும் ஒரு பொழப்பா?"

அவள் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாளோ, வாசலில் டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. திருமலைசாமி உள்ளே வந்தார். மேஜையில் கிழிந்த காகிதமும் அட்டைக் குவியலும் கிடப்பதைப் பார்த்தார். பிரித்துவிட்டாயா என்று கேட்பார், எறும்பு வரும் கூட்டிப் போடு என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"இருந்துதா?" என்றார்.

"எதுங்க?"

"எழுவத்தி மூணு."

சாந்தாமணி அவரைப் பார்த்தாள். அந்த நம்பர் அவளுக்கே தெரியாது, அரைமணி முன்னால் அனீஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மகனின் கேள்வியைத் தான் ஒருத்திதான் சுமந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். அப்பனிடமும் அவன் போய் நின்றிருக்கிறான். லேத்துச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லியிருப்பான். மனுஷன் நம்பரோடு வைத்திருக்கிறார்.

"இதுல இல்லீங்க" என்றாள்.

"நல்லாப் பாத்தீங்களா?" அவர் பனியனில் கையை இரண்டு பக்கமும் துடைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அட்டை ஒண்ணோடொண்ணு ஒட்டிட்டு இருக்கும். வெய்யில்ல சர்க்கர எளகி ஒட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டே குவியலை முதலிலிருந்து எடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அட்டையையும் தடித்த கட்டைவிரலால் தேய்த்து, பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்து, திருப்பி நம்பரைப் படித்து, ஓரம் தட்டி அடுக்கினார். ஷாஃப்டில் நூலிழை கூடக் குறையப் பார்க்கிற கண். அவருடைய உதடு மட்டும் நம்பர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை, "இவன அவனுக்கு ஆகாது. சொதப்பற பயன்னு சொல்லுவான்" என்று ஓர் அட்டையைப் பார்த்துச் சொன்னார். ஒன்றரை வருஷத்தில் மகனைப் பற்றி அவர் சொன்ன முதல் பேச்சு அது.

குவியல் முடிந்தது.

"இதுல இல்ல" என்றார். பிறகு மற்றப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் வாயில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. "அப்ப இதுல இருக்குது."

அனீஸ் வாயைத் திறந்தான். சாந்தாமணி அவனைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். அவன் மூடிக்கொண்டான்.

"ஆமாங்க. அதுல இருக்குது" என்றாள்.

"பிரிச்சுப் பாத்துரலாமா, வேண்டாமா?" திருமலைசாமி அவளை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "நீயே சொல்லு."

அவள் கையில் காயில் இல்லை. எண்ண வேண்டிய எண்ணிக்கை எதுவும் இல்லை.

"வேண்டாங்க" என்றாள். "இருக்கறது எங்க போகப்போகுது. அப்பிடியே இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். அந்த முகத்தில் இறங்கிய நிம்மதியைப் பார்க்க அவளால் முடியவில்லை. காபி போடுகிறேன் என்று எழுந்து சமையல்கட்டுக்கு வந்துவிட்டாள். கதவு இல்லாத சமையல்கட்டு. பாலை அடுப்பில் வைக்கக் கை போகவில்லை. பங்காரம்மா வாரா வாரம் வந்து கூப்பிட்டும் வராத அழுகை மேலே வந்தது. இப்போது அழுதால் அவருக்குக் கேட்கும். கேட்டால் ஏன் என்பார். சொல்ல முடியாது. அவள் எட்டிக் கிரைண்டர் சுவிட்சைப் போட்டாள். வெறும் தொட்டிக்குள் கல் கடகடவென்று உருள, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, மேடைமேல் தலையை வைத்து அழுதாள்.

"ஏம்புள்ள" என்று பின்கட்டிலிருந்து திருமலைசாமி குரல் கொடுத்தார். சத்தத்தை வைத்தே மிஷினின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று சொல்கிறவர். "கல்லு வெறுமனே ஓடுது பாரு."

"இப்பத்தானுங்க அரிசி போடறேன்" என்றாள் சாந்தாமணி, குரலைத் திரட்டிக்கொண்டு.

அரிசி போடவில்லை. கல் வெறுமனேதான் வெகுநேரம் ஓடியது. அவர் மறுபடி கூப்பிடவில்லை.